கொப்பரைக்குள் ஒருவன், கையில் ஒரு சம்மட்டி: ‘கெட்டிங் ஓவர் இட்’ விளையாட்டின் ஈர்ப்பு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கணினி விளையாட்டுகளில் கடினமானவை ஏராளம். ஆனால் ஏறிய உயரம் முழுவதையும் ஒரே நொடியில் பறித்துக்கொண்டு, ஆட்டக்காரரை மீண்டும் அடிவாரத்திலேயே இறக்கிவிடுகிற ஏற்ற விளையாட்டுகள் ஒரு தனி வகை. இவற்றில் எதிரிகள் இல்லை, உயிர்களின் எண்ணிக்கை இல்லை, கால வரம்பும் இல்லை. மேலே போக வேண்டும் என்பது ஒன்றே விதி. கீழே விழுந்தால் விழுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பது ஒன்றே தண்டனை. மணிக்கணக்கில் பாடுபட்டு ஏறியதை ஒரு கைப்பிசகில் இழந்த ஒருவர், மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவதுதான் இயல்பு என்று தோன்றும். எழுந்து போகிறவர்களும் உண்டு. ஆனால் கணிசமானோர் போவதில்லை. அவர்கள் மறுபடியும் அதே அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்குகிறார்கள். ஏன் தொடங்குகிறார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, கடினமானதை வென்றால் மகிழ்ச்சி அதிகம் என்பது. அது தவறில்லை, ஆனால் போதாது. கடினத்தால் மட்டுமே ஈர்ப்பு வருமென்றால், ஒழுங்காகச் செய்யப்படாத எந்த விளையாட்டும் நம்மை ஈர்த்துவிடும். இவ்வகை விளையாட்டில் வீழ்ச்சி எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்பது என் கருத்து. அதற்கு எனக்குத் தெரிந்தவற்றில் மிகவும் பொருத்தமான எடுத்துக்காட்டு, பென்னட் ஃபாடி உருவாக்கி 2017-இல் வெளியிட்ட ‘கெட்டிங் ஓவர் இட்’. அதை நானும் உச்சிவரை ஏறி முடித்தவன் என்பதால், வெளியிலிருந்து பார்த்தவற்றோடு கையால் உணர்ந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உருவாக்கியவரும் மூலமும்

பென்னட் ஃபாடி ஆஸ்திரேலியர். ‘கட் காப்பி’ என்ற இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பிரின்ஸ்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஆய்வாளராக இருந்தவர். அவருடைய ஆய்வுப் பொருள்களில் ஒன்று, மனிதர்கள் ஒன்றுக்கு அடிமையாவது என்றால் உண்மையில் என்ன என்பது. விடமுடியாமல் திரும்பத் திரும்ப ஆடவைக்கும் ஒரு விளையாட்டை, இந்தக் கேள்வியைத் தொழிலாகவே ஆராய்ந்த ஒருவர் செய்தார் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வடிவமைப்புத் துறையில் ஆசிரியரானார்.

2008-இல் அவர் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட ‘கியூ-டபிள்யூ-ஓ-பி’, ஓட்டப்பந்தய வீரன் ஒருவனின் தொடைகளையும் கெண்டைக்கால்களையும் நான்கு விசைகளால் தனித்தனியே இயக்கச் சொன்னது. நூறு மீட்டர் ஓடுவதே பெரும்பாடு என்று அது காட்டிவிட்டது. 2011-இல் வந்த ‘கிர்ப்’, பாறைச் சுவரில் உள்ள பிடிகளுக்கு எழுத்துகளைக் கொடுத்து, விசைப்பலகையில் விரல்களை விரித்து வைத்தபடியே ஏறச் சொன்னது. உடலை இயக்குவது எவ்வளவு அரிய கலை என்பதை நாம் அன்றாடம் மறந்துவிடுகிறோம். அவருடைய விளையாட்டுகள் அதை நினைவுபடுத்துகின்றன.

‘கெட்டிங் ஓவர் இட்’ விளையாட்டுக்கு வெளிப்படையான மூலம் ஒன்று உண்டு. ஜாஸுவோ என்ற புனைபெயரில் இயங்கிய செக் நாட்டு வடிவமைப்பாளர் 2002-இல் வெளியிட்ட ‘செக்ஸி ஹைக்கிங்’ என்ற சிறு விளையாட்டு அது. பெயரைப் பார்த்து எதுவும் எண்ணிவிட வேண்டாம். ஒரு மனிதன் கையிலுள்ள சுத்தியலை ஊன்றி ஊன்றி மலை ஏறுவதுதான் அதில் நடப்பது முழுவதும். கரடுமுரடாக வரையப்பட்ட, யாரும் பெரிதாக மதிக்காத அந்த விளையாட்டுக்கு ஃபாடி தம் படைப்பைக் காணிக்கையாக்கினார். அதைப் பற்றித் தம் விளையாட்டுக்குள்ளேயே தம் குரலில் பேசுகிறார்.

அந்தப் பேச்சில் ஒரு கருத்து இந்த ஆய்வு முழுவதற்கும் அடிப்படை. பெரும்பாலான கணினி விளையாட்டுகளில் வரும் தடைகள் பொய்யானவை என்கிறார் அவர். சரியான முறை தெரிந்தாலோ, சரியான கருவி கிடைத்தாலோ, போதிய நேரம் செலவிட்டாலோ அவற்றைக் கடந்துவிடலாம் என்ற உறுதி ஆட்டக்காரருக்கு எப்போதும் இருக்கிறது. ஜாஸுவோவின் விளையாட்டில் அந்த உறுதி இல்லை. ஆகவே அங்கே இருக்கும் ஒவ்வொரு தடையும் உண்மையானது.

விளையாட்டின் இயக்கம்

திரையில் ஓர் இரும்புக் கொப்பரை. அதற்குள் இடுப்புவரை புதைந்த, வெற்றுடம்போடு இருக்கும் ஒரு மனிதன். பெயர் டயோஜெனஸ், பெரிய சாடி ஒன்றையே வீடாகக் கொண்டு வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கத் தத்துவ ஞானியின் பெயர். அவனுக்குக் கால்கள் பயன்படா. கையில் நீண்ட பிடியுடைய ஒரு சம்மட்டி. ஆட்டக்காரரிடம் இருப்பது மவுஸ் மட்டும். பொத்தான் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

மவுஸ் நகரும் திசையில் சம்மட்டியின் தலை நகர்கிறது. தலை எதிலும் படாமல் காற்றில் இருக்கும்வரை நகர்வது சம்மட்டி. அது ஒரு பாறை விளிம்பில் மாட்டிக்கொண்ட கணத்திலிருந்து நகர்வது உடல். கையைக் கீழ்நோக்கி இழுத்தால் உடல் மேலே எழும்புகிறது; தரையைக் குத்தி வேகமாகத் தள்ளினால் கொப்பரையோடு துள்ளுகிறது; விளிம்பில் கொக்கிபோல மாட்டி வட்டமாகச் சுழற்றினால் விளிம்பைத் தாண்டி விழுகிறது. ஒரே கையசைவு, சம்மட்டி எங்கே தொட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, நேர்மாறான இரண்டு விளைவுகளைத் தருகிறது. தொடக்கத்தில் எல்லோரையும் குழப்புவது இதுதான். மேலே போக வேண்டுமென்று நினைத்ததும் கை மேலே போகிறது, பிடி விடுபடுகிறது, விழுகிறோம். மேலே போவதற்குக் கையைக் கீழே இழுக்க வேண்டும் என்பதை அறிவு ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்கிறது. கை புரிந்துகொள்ள நாள்கள் ஆகின்றன.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. மேடைக்கு மேடை தாவிச் செல்லும் பெரும்பாலான பிளாட்ஃபார்மர் விளையாட்டுகளில் பொத்தானை அழுத்தினால் தாவல். அந்தத் தாவல் எப்போதும் ஒரே அளவு, அல்லது இரண்டு மூன்று அளவுகள். இங்கே ஒவ்வொரு அசைவும் கையின் வேகம், தொலைவு, கோணம் ஆகியவற்றைப் பொறுத்து எண்ணற்ற அளவுகளாக விரிகிறது. சரியான தாவலும் தவறான தாவலும் ஒரு நூலிழையில் பிரிகின்றன. அதே வேளையில் தற்செயலுக்கு இடமே இல்லை. மலை ஒவ்வொரு முறையும் அதே மலை, கல் நகர்வதில்லை, காற்று வீசுவதில்லை. அதே அசைவைச் செய்தால் அதே விளைவு வரும். ஆகவே விழும்போது குறைசொல்ல ஆட்டக்காரருக்குத் தம் கையைத் தவிர வேறு எதுவும் கிடைப்பதில்லை. வடிவமைப்பாளர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல முடியாத இந்த நிலைதான் கோபத்தைக் கூர்மையாக்குகிறது. நம்மைத் திரும்ப அழைப்பதும் இதுவே.

மலையும் வீழ்ச்சியும்

தொடக்கத்தில் ஒரு பட்டமரம் நிற்கிறது. அதைத் தாண்டவே சிலர் ஒரு மாலையைச் செலவிடுகிறார்கள். அதன்பின் பாறைகள், பிறகு ‘பிசாசின் புகைபோக்கி’ என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் குறுகலான செங்குத்துப் பிளவு, அதற்கு மேலே சறுக்குமரம், வீட்டுச் சாமான்கள், ஆரஞ்சுப் பழங்கள், பட்டறைக்கல், தொங்கும் வாளி, பனிமலை, கடைசியில் ஓர் அலைபரப்புக் கோபுரம். இயற்கையான மலையாக இது இல்லை. தூக்கியெறியப்பட்ட பொருள்களின் குவியலாக இருக்கிறது. விலைக்கு வாங்கிய, ஏற்கெனவே வேறெதற்கோ செய்யப்பட்ட கணினி வடிவங்களை அடுக்கியே ஃபாடி இதைக் கட்டினார். பயன்படுத்தி எறியப்படுவதற்காகவே செய்யப்படும் பொருள்களைப் பற்றியும், அவற்றின் மேல் அடுத்தவை ஏறி நிற்பதைப் பற்றியும் அவர் குரல் இடையிடையே பேசுகிறது.

முக்கியமானது பொருள்களின் வரிசையல்ல, அவற்றின் அமைவு. மலை வலப்பக்கமும் இடப்பக்கமும் மடிந்து மடிந்து மேலே போகிறது. ஆகவே கடினமான இடம் ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே, வெகுமுன்பு கடந்த இடங்கள் காத்திருக்கின்றன. ‘ஆரஞ்சு நரகம்’ என்று பெயர்பெற்ற பகுதியில் கை தவறினால், புகைபோக்கியையும் பாறைகளையும் பட்டமரத்தையும் வரிசையாகத் தாண்டி முதல் அடிக்கே வந்துசேர நேரிடும். பாதியில் நிறுத்தி வெளியேறி, முன்பிருந்த உயரத்துக்குத் திரும்பிவிடவும் முடியாது. விளையாட்டு ஒவ்வொரு கணத்தையும் தானே பதிவு செய்துகொண்டிருக்கிறது. மூடித் திறந்தாலும் விழுந்த இடத்தில்தான் கண் விழிப்போம். செக்பாயிண்ட், அதாவது தவறினால் திரும்பி வந்து தொடர விளையாட்டு குறித்துவைக்கும் இடம், என்ற சொல்லுக்கே இங்கே வேலையில்லை.

நான் அப்படி விழுந்த முதல் இரவு இன்னும் நினைவில் இருக்கிறது. விழும்போது உடனே கோபம் வரவில்லை. கொப்பரை ஒவ்வொரு விளிம்பிலும் மோதி உருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த விளிம்பிலாவது நின்றுவிடும் என்ற நம்பிக்கை ஒவ்வொரு மோதலிலும் எழுந்து, அடுத்த மோதலில் மடிந்தது. சம்மட்டியைக் கண்டபடி வீசினேன். அது வேகத்தைக் கூட்டியது. பட்டமரத்தின் அருகே வந்து நின்றபோது அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. அப்போதுதான் அந்த மென்மையான குரல் பேசத் தொடங்கியது.

எது போகிறது, எது தங்குகிறது

இந்த ஆய்வின் மையம் இங்கே வருகிறது. விழுந்தபோது நான் இழந்தது என்ன? உயரம். உயரத்தைத் தவிர இந்த விளையாட்டில் எதுவுமே இல்லை. சேர்த்த பொற்காசுகள் இல்லை, பெற்ற ஆயுதங்கள் இல்லை, திறந்துவிட்ட கதவுகள் இல்லை. கொப்பரையிலிருக்கும் மனிதனின் வலிமை தொடக்கத்தில் எவ்வளவோ உச்சியிலும் அவ்வளவே. வேறு விளையாட்டுகளில் நேரம் போகப் போக நாம் ஆட்டுவிக்கும் பாத்திரம் வலுப்பெறும். நாம் அப்படியே இருப்போம். இங்கே பாத்திரம் அப்படியே இருக்கிறது. வலுப்பெறுவது மவுஸைப் பிடித்திருக்கும் கை.

அந்தக் கையை வீழ்ச்சியால் தொட முடிவதில்லை. மறுநாள் மாலை மறுபடி ஏறியபோது, முதல்முறை ஒரு முழு மாலையைத் தின்ற பட்டமரத்தைச் சில நொடிகளில் தாண்டினேன். புகைபோக்கியில் அரைமணி நேரம் திணறிய இடத்தில் ஒரே இழுப்பில் மேலே வந்தேன். முதல்முறை ஏறியபோது தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. அந்த உயரத்துக்கு நான் தற்செயலாக வந்தடைந்திருந்தேன். இப்போது தெரிந்து வந்திருக்கிறேன். விழாமல் தொடர்ந்து போயிருந்தால், எனக்குப் பட்டமரம் ஏறத் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. கற்றது எவ்வளவு என்பதைக் கற்றவருக்கே காட்டும் அளவுகோல் இந்த விளையாட்டில் வேறு எதுவும் இல்லை. வீழ்ச்சிதான் அந்த அளவுகோல்.

செக்பாயிண்ட் வைத்த விளையாட்டுகள் இந்த அளவுகோலை எடுத்துவிடுகின்றன. அது அவற்றின் குற்றமல்ல; அவற்றின் நோக்கம் வேறு. 2018 ஜனவரியில் வெளிவந்த ‘செலஸ்ட்’ விளையாட்டும் மலை ஏறுவதைப் பற்றியதே, மிகக் கடினமானதும்கூட. ஆனால் அங்கே தவறினால் அதே அறையின் தொடக்கத்தில் ஒரு நொடிக்குள் மீண்டும் நிற்கிறோம். கடந்த அறை கடந்ததே. நூறு முறை தவறி ஒருமுறை தற்செயலாகத் தாண்டினாலும் அடுத்த அறை திறந்துவிடும். வேகத்தைக் குறைத்தோ, சோர்வில்லாமல் தொங்கியோ ஆட உதவும் வசதிகளையும் அதன் படைப்பாளிகள் சேர்த்து வைத்தார்கள். அவர்கள் ஆட்டக்காரரின் கையைப் பிடித்துக் கூட்டிச்செல்கிறார்கள். அந்தப் பரிவை நான் மிக மதிக்கிறேன். ஃபாடியின் மலை கையைப் பிடிப்பதில்லை. ‘குறிப்பிட்ட ஒரு வகை மனிதருக்காக, அவர்களை நோகடிப்பதற்காக’ இதைச் செய்ததாக அவரே அறிமுகத்தில் சொல்லிவிடுகிறார்.

இழப்பின் வலி, அதே அளவு ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிடக் கனமானது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை விளக்கியது. அதன்படி பார்த்தால், ஒவ்வொரு பெரிய வீழ்ச்சியும் அந்த ஏற்றம் தந்த மகிழ்ச்சி முழுவதையும் விழுங்கி, மேலும் கடன் வைத்துப் போக வேண்டும். யாருமே திரும்பி வரக்கூடாது. வருகிறார்கள் என்றால், கணக்கில் விட்டுப்போன வரவு ஒன்று இருக்கிறது. கையில் தங்கிய பயிற்சிதான் அந்த வரவு என்று நினைக்கிறேன். விழுந்த நொடியில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த ஏற்றத்தின் முதல் சில நிமிடங்களில்தான் தெரிகிறது. ஆகவே விழுந்தவுடன் எழுந்து போனவர் இழப்பை மட்டுமே எடுத்துச் செல்கிறார். இன்னும் ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்தவரே தாம் எதை இழக்கவில்லை என்பதைக் கண்டுகொள்கிறார்.

பரமபதப் பாம்பும் இந்தப் பாம்பும்

மலையில் ஓரிடத்தில் ஒரு பாம்பு நீண்டு கிடக்கிறது. ‘பாம்பின் மேல் ஏறாதே’ என்று ஒரு பலகையும் இருக்கிறது. ஏறினால் நேராகத் தொடக்கத்துக்குப் போய்விடுவோம். தமிழ் ஆட்டக்காரர் எவருக்கும் இதைக் கண்டதும் பரமபதம் நினைவுக்கு வராமல் போகாது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகத் தாயக்கட்டை உருட்டி ஆடும் அந்தப் படத்திலும், உச்சிக்கு மிக அருகே பெரிய பாம்பு வாயைத் திறந்து காத்திருக்கும். அதில் அகப்பட்டவர் அடித்தளத்துக்குச் சறுக்குவார். ஏறியதை இழப்பதும், இழந்தபின் மறுபடி ஏறுவதும் நமக்குப் புதிய விளையாட்டல்ல.

வேறுபாடு தாயக்கட்டையில் இருக்கிறது. பரமபதத்தில் பாம்புக்கு அனுப்புவது கட்டை. ஆகவே அங்கே விழுந்தவர் சிரிக்கலாம், சுற்றியிருப்பவர்களும் சிரிக்கலாம், யாருடைய திறமையும் கேள்விக்கு உள்ளாவதில்லை. வினையின் போக்கை ஏற்றுக்கொள்ளப் பழக்குவதே அந்தப் படத்தின் நோக்கமும். ஃபாடியின் மலையில் கட்டை இல்லை. பலகை எச்சரிக்கிறது, பாம்பு அசையாமல் கிடக்கிறது, அதன்மேல் போய் விழுவது முழுக்க நம் கை. பரமபதத்தில் பத்தாவது முறை ஆடுபவருக்கும் முதல்முறை ஆடுபவருக்கும் வாய்ப்பு ஒன்றே. இங்கே அப்படி இல்லை. அதனால்தான் இங்கே வீழ்ச்சி வெட்கத்தைத் தருகிறது, உச்சி பெருமிதத்தைத் தருகிறது.

பெருமிதம் என்ற சொல்லை நான் தெரிந்தே எடுத்தேன். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லுமிடத்தில் இளிவரல் (இழிவுணர்வு), வெகுளி (சினம்), பெருமிதம், உவகை ஆகியவற்றைத் தனித்தனியே வகுக்கிறது. பெருமிதம் எவற்றால் பிறக்கும் என்று கூறும்போது அது முதலில் வைப்பது கல்வியை. அடுத்தது தறுகண், அதாவது அஞ்சாமை. பின்னர்ப் புகழும் கொடையும். செல்வத்தை அந்தப் பட்டியலில் காணோம். இன்பத்தையும் களிப்பையும் குறிக்கும் உவகையிலிருந்து பெருமிதத்தை விலக்கி வைத்த அந்தப் பாகுபாடு, ஏற்ற விளையாட்டுகளைப் புரிந்துகொள்ள நான் கண்ட விளக்கங்களிலேயே மிகக் கூர்மையானது. இந்த மலையில் உவகை அரிது. ஒரு விளிம்பைப் பிடித்ததும் வருவது களிப்பாக இருப்பதில்லை. அடுத்த விளிம்பைப் பற்றிய அச்சமாக இருக்கிறது. ஆனால் கற்றதாலும் அஞ்சாமல் மறுபடி வந்ததாலும் பிறக்கும் பெருமிதம் மெல்ல மெல்லச் சேர்கிறது. வீழ்ச்சி கொண்டுவரும் இளிவரலும் வெகுளியும் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன.

குரல்

விழும்போதெல்லாம் ஃபாடியின் குரல் ஒலிக்கிறது. தோல்வியையும் விடாமுயற்சியையும் பற்றிப் பெரியோர் சொன்னவற்றை அமைதியாக வாசித்துக் காட்டுகிறது. சில சமயம் பழைய பாடல் ஒன்று ஒலிக்கிறது. புதிதாகத் தொடங்குவதைவிட மறுபடி தொடங்குவது கடினம், ஏற்கெனவே மோசமான நாளாக இருந்தால் இது தாங்க முடியாததாக இருக்கலாம் என்று அது எச்சரிக்கவும் செய்கிறது. விழுந்தவருக்கு அந்தக் குரலைக் கேட்டால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. அதைப் பரிகாசம் என்று எடுத்துக்கொண்டு ஒலியை நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

எனக்கு அது பரிகாசமாகப் படவில்லை. வழக்கமான விளையாட்டில் வடிவமைப்பாளர் திரைக்குப் பின்னே மறைந்திருப்பார்; தண்டனை யாரோ முகமற்ற ஒருவரிடமிருந்து வரும். இங்கே தண்டித்தவரே பக்கத்தில் வந்து அமர்ந்து, ஆம், இதைச் செய்தது நான்தான், ஏன் செய்தேன் என்றால் என்று பேசுகிறார். ஏறும் செயலில் எந்த முன்னேற்றமும் உறுதியானதல்ல, எல்லாவற்றையும் இழக்கும் ஆபத்து ஒருகணமும் விலகுவதில்லை என்பதை அவர் மறைப்பதில்லை. தண்டனையின் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், அவர் இதைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று தெரிவது, வலியைக் குறைக்காவிட்டாலும் அதற்குப் பொருள் தருகிறது. குரலை நீக்கிவிட்டால் இந்த விளையாட்டு பாதியாகிவிடும் என்பதே என் மதிப்பீடு. 2018-இல் தனிப்படைப்பாளிகளின் விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப் விழா, புதுமைக்கான நுவோவோ விருதை இதற்கு வழங்கியபோது கவனத்தில் கொண்டவற்றுள் இதுவும் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வெளிவந்த வழியும் பார்வையாளர்களும்

விளையாட்டு 2017 அக்டோபரில் ஹம்பிள் நிறுவனத்தின் மாதச் சந்தாத் தொகுப்பு ஒன்றில் முதலில் வந்தது. டிசம்பர் 6-ஆம் நாள் கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமிலும் ஐபோனிலும், 2018 ஏப்ரலில் ஆண்ட்ராய்டிலும் வந்தது. இடைப்பட்ட இரண்டு மாதங்களில் யூடியூபிலும், விளையாட்டுகளை நேரலையில் ஒளிபரப்பும் டிவிட்ச் தளத்திலும் பெயர்பெற்ற பலர் இதை ஆடிக் காட்டிவிட்டார்கள். தாம் ஆடாமலே இதை அறிந்தவர்களின் கூட்டம் அப்போதே உருவாகிவிட்டது.

பார்ப்பவருக்குக் கிடைப்பது வேறு. அவர் கையில் எதுவும் கற்கப்படுவதில்லை. விழுபவரின் முகம்தான் அவருக்குக் காட்சி. ஓர் எளிய விதி, நேராகக் கண்ணுக்குத் தெரியும் உயரம், எந்த நொடியும் வரக்கூடிய வீழ்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால், விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாதவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க முடியும். இதனால் இந்த வகை பெரிதும் பரவியது. ஆனால் ஈர்ப்பின் காரணம் பார்வையாளர்களே என்ற கூற்றை நான் ஏற்கவில்லை. உச்சியை அடைந்தவரிடம் விளையாட்டே ஒரு கேள்வி கேட்கிறது: இதை நீங்கள் பதிவு செய்துகொண்டோ ஒளிபரப்பிக்கொண்டோ இருக்கிறீர்களா? இல்லை என்றவருக்கே, ஏறி முடித்தவர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் ஓர் அரட்டை அறை திறக்கிறது. கூட்டத்தால் பெயர்பெற்ற விளையாட்டு, தன் கடைசிப் பரிசைக் கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருக்கிறது.

பின்வந்தவை

இந்த வகையில் பின்னர் வந்தவற்றை ஒப்பிட்டால், எது இன்றியமையாதது என்பது தெளிவாகிறது. சுவீடனின் நெக்ஸைல் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ‘ஜம்ப் கிங்’, தாவலைத் தவிர எல்லாவற்றையும் நீக்கிவிட்டது. பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம் தாவல். கால் தரையை விட்டபின் திசையை மாற்ற முடியாது. முடிவெடுத்தபின் விளைவைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டுமே முடியும். ஃபாடியின் விளையாட்டில் விழும்போதும் சம்மட்டியை வீசிப் பார்க்கலாம். இங்கே அதுவும் இல்லை. கடினத்தின் வகை மாறியிருந்தாலும் உள்ளியல்பு அதேதான்: மலை மாறுவதில்லை, கருவி வளர்வதில்லை, கற்றது கையில் தங்குகிறது. 2024-இல் வந்த ‘எ டிஃபிகல்ட் கேம் அபௌட் கிளைம்பிங்’, மவுஸின் இரண்டு பொத்தான்களை இரண்டு கைகளாக்கி, பிடிப்பதையும் விடுவதையுமே முழு விளையாட்டாக்கியது. அதிலும் இந்த மூன்றும் இருக்கின்றன.

2023 மே மாதம் வந்த ‘ஒன்லி அப்!’ இவ்வளவு கறாராகச் செய்யப்பட்டதல்ல. முப்பரிமாண வெளியில் மிதக்கும் குழாய்கள், தண்டவாளங்கள், வீடுகள் மேலே ஓடித் தாவி ஏற வேண்டும். பல இடங்களில் எந்த விளிம்பு பிடி கொடுக்கும், எது கொடுக்காது என்பது பார்வைக்குத் தெளிவாக இல்லை. ஆகவே விழுந்தவர் தம் கையையும் குறைசொல்லலாம், விளையாட்டையும் குறைசொல்லலாம். பார்ப்பதற்கு அது பெரும் விருந்தாக இருந்தது. ஒளிபரப்பாளர்கள் அதைக் கோடை முழுவதும் ஆடினார்கள். ஆனால் திரும்பத் திரும்ப ஆடி மெருகேறும் ஈர்ப்பு அதில் எனக்குக் குறைவாகவே தெரிந்தது. பிறருடைய வடிவங்களைப் பயன்படுத்திய சிக்கலில் அது ஒருமுறை ஸ்டீமிலிருந்து நீக்கப்பட்டு மீண்டது. அதே ஆண்டு செப்டம்பரில், மன அழுத்தத்தைச் சொல்லி அதைத் தனியாளாகச் செய்தவர் முழுவதுமாக விலக்கிக்கொண்டார். ஆட்டக்காரர்களின் சினத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தச் சினம் போய்ச் சேரும் இடத்தில் ஒரு தனி மனிதர் இருக்கிறார் என்பதை அந்த விலகல் எனக்கு உணர்த்தியது.

யாருக்கு இது கூடாது

இவ்வளவு சொன்னபின் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. இந்த விளையாட்டு எல்லோருக்குமானதல்ல. மணிக்கட்டு வலியுள்ளவர்களுக்கு இது தீங்கு. இழுத்து இழுத்து என் முன்கை சில நாள்கள் வலித்தது. சினத்தை அடக்க இயலாத நிலையில் இருப்பவரும், ஏற்கெனவே தோல்விகளால் சோர்ந்திருப்பவரும் இதனால் நன்மை அடைவார்கள் என்று நான் எண்ணவில்லை. தோல்வியைத் தாங்கப் பழக்கும் என்று சொல்லிப் பிள்ளைகளிடம் இதைத் திணிப்பதும் சரியல்ல. விரும்பி ஏற்றுக்கொண்ட இடர் என்பதாலேயே இதற்கு ஈர்ப்பு. திணித்தால் அது வெறும் தண்டனை. உழைப்புக்குப் பலன் உண்டு என்ற பாடமாக இதைக் காட்டுவோரும் உண்டு. பல மாதம் ஆடியும் ஆரஞ்சுகளைத் தாண்டாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். இந்த மலை யாருக்கும் எதையும் வாக்களிப்பதில்லை.

இரண்டாவது ஏற்றம்

கோபுரத்தின் நுனியிலிருந்து மேலே தள்ளினால் ஈர்ப்பு விசை குறைகிறது. கொப்பரை விண்கற்களுக்கு இடையே மிதந்து போகிறது. இத்தனை நாள் பயந்த வீழ்ச்சி முதன்முறையாக இல்லாமல் போகும் அந்தச் சில நொடிகளில், நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரையில் பெயர்கள் ஓடின. அரட்டை அறையில் முன்பின் அறியாத ஒருவர் வாழ்த்துச் சொன்னார், நானும் சொன்னேன். அதற்குமேல் பேச இருவருக்கும் எதுவும் இருக்கவில்லை.

அடுத்து விளையாட்டு மீண்டும் பட்டமரத்தின் அருகே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஏறி முடிக்கும் ஒவ்வொரு முறையும் கொப்பரையில் பொன்னிறம் சிறிது சிறிதாக ஏறுகிறது. ஐம்பது முறை முடித்தால் முழுவதும் பொன். மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கப் போட்டியிடும் வேக ஓட்டக்காரர்கள் இதே மலையை இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக ஏறி முடிக்கிறார்கள். அந்தப் பதிவுகளைப் பார்த்தால், சம்மட்டி பாறையைத் தொடுவதும் விடுவதும் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கொப்பரை தானே எழும்பிப் போவதுபோல இருக்கிறது. அவர்களுடைய டயோஜெனஸும் என்னுடையவனும் ஒருவனே, சம்மட்டியும் ஒன்றே.

முதல் ஏற்றத்துக்கு எனக்குப் பல இரவுகள் ஆயின. இரண்டாவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கி, இரவு உணவுக்கு முன் முடித்தேன். நடுவே ஆரஞ்சுகளிலிருந்து ஒருமுறை அடிவாரம்வரை விழுந்தேன். குரல் பேசத் தொடங்கியது. அது பேசி முடிப்பதற்குள் பட்டமரத்தைத் தாண்டியிருந்தேன்.